எழும்பினதுக்குத் தண்டனை, இருந்ததுக்கு என்ன?

ஒரு ஏ4 தாள். மேலே 'நடத்தை மேம்பாட்டுத் திட்டம்' என்று தட்டெழுத்து, கீழே பெற்றோர் கையொப்பத்துக்குப் புள்ளிக்கோடு. படுவான்கரையில் நாங்கள் சனிக்கிழமை வாசிப்பு வட்டம் நடத்துகிற ஊரில், மூன்றாம் வகுப்புப் பெடியன் ஒருவனின் அம்மா அதை மடிச்சுக் கொண்டுவந்து தந்தா. "இதில என்ன கிடக்கெண்டு வாசிச்சுச் சொல்லுங்க மனே. கையெழுத்து வெச்சா மறுகா பள்ளிக்கூடத்தால நிப்பாட்டிருவாங்களோ?"

வாசித்தோம். அனுமதியில்லாமல் இடத்தை விட்டு எழும்பினால் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும். இரண்டாம் தரம் எழும்பினால் இடைவேளை இல்லை. மூன்றாம் தரம் என்றால் அந்தக் கிழமை உடற்பயிற்சிப் பாடம் இல்லை. அதற்கும் மேலே போனால் தாய் பாடசாலைக்கு வர வேண்டும். தாய் வயல்வேலைக்குப் போகிற ஆள். வந்தால் அன்றைய கூலி போச்சு. அவ்வளவுதான் திட்டம். பிள்ளை என்ன செய்யக்கூடாது என்று நாலு வரி இருக்கிறது. பாடசாலை என்ன செய்யும் என்று ஒரு வரிகூட இல்லை.

ஓடாமல் இருக்க முடியாத பிள்ளையிடமிருந்து ஓடுகிற நேரத்தைப் பறித்தால் அவன் அமைதியாகிவிடுவான் என்று எந்தக் கணக்கில் நினைத்தார்களோ தெரியாது. இடைவேளை இல்லாத நாளில் அவன் இன்னும் ரெண்டு மடங்கு எழும்புவான், திட்டம் அவனை இன்னும் ஒரு படி கீழே இறக்கும். முதல் வரியைப் பாருங்கள், அது இன்னும் மோசம். அவனுக்கு வேண்டியதே வகுப்பை விட்டு வெளியே போவதுதான். எழும்பினால் வெளியே விடுவோம் என்று இவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இதைத் தண்டனை என்று சேர்மார் நினைக்கிறார்கள். பெடியன் பரிசு என்று நினைக்கிறான். அவன் கணக்குத்தான் சரி.

"அவனுக்கு ஏடிஎச்டி" என்று ஒரு ரீச்சர் தாயிடம் சொல்லியிருக்கிறார். அதைச் சொல்வதற்கு வைத்தியர் வேண்டும். வைத்தியரும் சும்மா சொல்லமாட்டார். அறிகுறிகள் 12 வயதுக்கு முன்னமே தொடங்கியிருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும், வீடு, பள்ளிக்கூடம் என்று குறைந்தது இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். இந்தப் பெடியன் தகப்பனோடு விடியச்சாமம் வாவிக்குப் போனால் தோணியில் அசையாமல் இருந்து வலையைப் பார்ப்பான். துடியாட்டம் கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால்தான் வரும். சந்தேகம் இருந்தால் போதனா வைத்தியசாலைக்குக் காட்டட்டும், தப்பில்லை. உண்மையிலேயே அந்த நிலை இருந்தாலும், இந்தத் தாள் அவனுக்கு உதவுமா? அப்படியான பிள்ளைக்குத்தான் அசைவு இன்னும் அதிகமாகத் தேவை.

பாடசாலையில் பிரம்புக்கு இடமில்லை. கல்வி அமைச்சு 2005/17 சுற்றறிக்கையிலும் பிறகு 12/2016இலும் இதைச் சொல்லிவிட்டது. மாத்தறை மாவட்டத்தில் 2017இல் ஓர் ஆசிரியர் மாணவனின் காதில் அறைந்தார். 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் ஆசிரியர் 150,000 ரூபாயும் அரசு 500,000 ரூபாயும் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்றது. ஆனபடியால் இப்போது தாள் வந்திருக்கிறது. பிரம்பை வைத்துவிட்டுப் பேனையை எடுத்தார்கள், யோசிக்கிற விதம் மட்டும் பழையதுதான். ஊரிலும் 'அடியாத மாடு படியாது' என்று சொல்ல ஆள் இருக்கு. படுவான்கரையில் மாடு வளர்க்கிற ஆக்களிடம் போய்க் கேளுங்கள், அடித்தால் மாடு பால் தருமா என்று.

இன்னொன்றும் இருக்கிறது. 1999இல் நாடு முழுக்க வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்தில் விளையாட்டு, செயற்பாடு, மேசைவேலை என்று மூன்று வழி சொல்லப்பட்டது. சின்ன வகுப்பில் விளையாட்டுக்கு முதலிடம், மேசைவேலை வயதோடு மெல்லமெல்லக் கூட வேண்டும். இப்போது புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் மூன்றாம் வகுப்பு வரை விழுந்து கிடக்கிறது. எட்டு வயதுப் பிள்ளை மேசையிலேயே இருக்க வேண்டும் என்பது பாடத்திட்டம் சொன்னதல்ல, எங்கள் அவசரம் சொன்னது. 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு நாளுக்குச் சராசரி 60 நிமிடமாவது நல்ல உடலசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பறிக்கிறது அந்த 60இல் இருந்துதான்.

சரி, திட்டம் என்றால் என்ன? முதலில் ஒரு கிழமை ஒன்றும் செய்யாமல் பார்த்து எழுதுவது. எத்தனை மணிக்கு எழும்புகிறான், அதற்கு முன்னம் என்ன நடந்தது, எழும்பின பிறகு அவனுக்கு என்ன கிடைத்தது. நாங்கள் எங்கள் வட்டத்தில் இதைச் செய்து பார்த்தோம். புளியங்கொட்டை வைத்துக் கணக்குச் செய்யும்போது அவன் எழும்பவேயில்லை. எழுத்துவேலை பதினைந்து நிமிடத்தைத் தாண்டினால் எழும்புகிறான். இது தெரிந்தபிறகு மிச்சம் பெரிய வித்தையில்லை. பதினைந்து வருமுன்னம் நாங்களே எழுப்பிவிட்டோம்: கொப்பி குடுத்துவா, பலகையை அழி, எல்லாருக்கும் தண்ணி ஊத்து. எழுத்தை ரெண்டாகப் பிரித்தோம். வாசலுக்குப் போக வேண்டுமென்றால் கையைத் தூக்காமல் மேசையில் ரெண்டு தட்டு, அது எங்களுக்கும் அவனுக்கும் இடையில். ஒரு நேரத்தில் ஒரு பழக்கத்தை மட்டும் பார்ப்பது, நல்லாச் செய்த நாளில் தாய்க்கு ஒரு வரி எழுதி அனுப்புவது, மூன்று கிழமையில் அவனையும் வைத்துக்கொண்டு திரும்பப் பேசுவது. எல்லாச் சனியும் சரியாக நடந்தது என்று பொய் சொல்லமாட்டோம். ஒரு நாள் தண்ணிக் குடத்தோடு விழுந்து பாதிப் புத்தகம் நனைந்தது.

"நீங்க கிழமைக்கு ரெண்டு மணித்தியாலம், நாங்க ஒரு வகுப்பில நாப்பது பேரோட ஐஞ்சு நாள்" என்று ரீச்சர்மார் சொல்வார்கள். அது நியாயம். வாவியைக் கடந்து, ரெண்டு பஸ் மாறி வந்து ரெண்டு வகுப்பைச் சேர்த்துப் படிப்பிக்கிற ரீச்சர்மாரை எங்களுக்குத் தெரியும். ஆனால் நாப்பது பேருக்குள்ளே இவனை வெளியே நிறுத்தவும், இடைவேளையில் காவல் இருக்கவும், தாயைக் கூப்பிட்டுப் பேசவும் நேரம் இருந்திருக்கிறதே. கொப்பியை அவன் கையில் குடுக்க அதைவிடக் குறைந்த நேரம் போதும்.

கூடைப்பந்து என்றால் மட்டக்களப்புக்குப் பெருமை. புனித மிக்கேல் கல்லூரியில் பெடியன்களைப் பயிற்றிய அமெரிக்க இயேசு சபைத் துறவி யூஜின் ஹேபர்ட் அடிகளாரைப் பற்றி எங்கள் தகப்பன்மார் இன்னமும் கதைப்பார்கள். 1990 ஆகஸ்ட் 15 வாழைச்சேனையிலிருந்து திரும்பிவரும் வழியில் காணாமல் போனவர். யுத்தம் நடந்த அந்தக் காலத்திலேயே பந்தும் மைதானமும் படிப்பின் பங்கு என்று நினைத்த ஊர் இது. 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவும் யுத்தத்தைக் கண்ட பிள்ளைகளை அதட்டி இருத்தவில்லை, களிமண்ணும் நிறமும் நாடகமும் குடுத்தது. அந்த ஊரின் மறுகரையில் ஒரு பெடியனின் பீ.ரி. பாடத்தைத் தண்டனைக்காக வெட்டுகிறார்கள்.

தாய் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. திங்கட்கிழமை அவவோடு நாங்கள் ரெண்டு பேர் போகிறோம். எங்களின் ஒரு கிழமைக் குறிப்பையும் கொண்டுபோகிறோம். முதலில் கேட்கப்போவது இடைவேளையையும் உடற்பயிற்சியையும் பறிக்கிற அந்த ரெண்டு வரியை அடிக்கச் சொல்லி. மிச்சத்தை ரீச்சரோடு இருந்து எழுதலாம்.