கதைக்குள் வரும் வீடு யாருடையது?

சிறார் இலக்கியம் பற்றிப் பேசும் கூட்டங்களில் ஒரு கேள்வி தவறாமல் வரும். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு எழுதும் கதையில் சாதியைக் கொண்டுவரலாமா? பிஞ்சு மனதில் நஞ்சைக் கலக்கலாமா? கேட்பவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள்தான். சாதி ஒழிய வேண்டும் என்று உண்மையாகவே நினைப்பவர்கள். அது இன்னதென்று தெரியாமலே பிள்ளைகள் வளர்ந்துவிட்டால் தானாக ஒழிந்துவிடும் என்பது அவர்களுடைய கணக்கு.

எந்தப் பிள்ளைக்குத் தெரியாது என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. மாணவர்கள் சாதி அடையாளமாகக் கையில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொல்லி 2019-இல் பள்ளிக் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு கிளம்பியதும், பழைய நடைமுறையே தொடரும் என்று அன்றைய அமைச்சர் சொல்லிவிட்டார். நான்கு ஆண்டுகள் கழித்து, 2023 ஆகஸ்டில், நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவனையும் தடுக்கப்போன தங்கையையும் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். வெட்டியவர்கள் அதே பள்ளியில் படித்த பையன்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை, கயிற்றையும் மோதிரத்தையும் நெற்றி அடையாளத்தையும் பள்ளிக்குள் தடை செய்யச் சொன்னது. அந்தப் பையன்களுக்குச் சாதியைச் சொல்லிக்கொடுத்தது எந்தக் கதைப் புத்தகம்? வீடும் தெருவும் திருவிழாவும் சொல்லிக்கொடுத்து முடித்துவிட்டன. அதற்கு எதிராக ஒரு வார்த்தை பேச வேண்டிய இடத்தில்தான் புத்தகம் வாய்மூடி நிற்கிறது.

பாலியல் சீண்டல் பற்றியும் ஒரு காலத்தில் இப்படித்தான் சொன்னார்கள். குழந்தைகளிடம் போய் இதையெல்லாம் பேசுவதா என்றார்கள். அதைப் பேசிய யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020-ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. இன்று ஆசிரியர்களே அதைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கிறார்கள். கைக்கயிறைப் பற்றியும் விஷ்ணுபுரம் சரவணன் ‘கயிறு’ என்று ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். எழுத முடியும், பிள்ளைகள் படிப்பார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் இப்படிப்பட்ட புத்தகங்களை எண்ண ஒரு கை போதும்.

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள காலனிகளில் நாங்கள் மாலைநேர வகுப்பு நடத்துகிறோம். பாடம் முடிந்ததும் அரைமணி நேரம் கதைப் புத்தகம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்று ஓரளவு கதை கிடைக்கிறது, இல்லையென்று சொன்னால் பொய். ஆறு முதல் ஒன்பது வரை படிப்பவர்களுக்குத் ‘தேன்சிட்டு’ வருகிறது. வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகச் சின்னச் சின்னப் புத்தகங்கள் வந்தன. மெலிந்த புத்தகம், பெரிய எழுத்து, படம். எழுத்துக்கூட்டிப் படித்த பிள்ளைகள் ஒரே மூச்சில் ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டியதைப் பார்த்திருக்கிறோம். பத்தாம் வகுப்புக்குப் போனதும் எல்லாம் நின்றுவிடுகிறது. அதன் பிறகு கையில் இருப்பது கைடு மட்டும். காதல் வருகிற வயது அது. வேலைக்குப் போ என்று வீட்டில் பேச்சு தொடங்குகிற வயது, கல்யாணப் பேச்சும்தான். கையில் கயிறு ஏறுகிற வயதும் அதுவே. அந்த வயதுக்குத்தான் புத்தகம் இல்லை.

நம்மிடம் தலித் இலக்கியம் இருக்கிறதே என்று தோழர்கள் சொல்வார்கள். இருக்கிறது. பாமாவின் ‘கருக்கு’ 1992-இல் வந்தது, இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994-இல். முப்பது ஆண்டுகளாக நம்மை நிமிர்த்தி வைத்திருக்கும் புத்தகங்கள். பத்தாம் வகுப்புப் பெண்கள் சிலருக்குக் ‘கருக்கு’ கொடுத்தோம். ஒருத்தி படித்து முடித்துத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டாள்: “நல்லா இருக்குக்கா. ஆனா இது எங்க ஆயா கதை மாதிரி இருக்கு. எங்க கதை எப்ப வரும்?”

அந்தக் கேள்விக்கு எங்களிடம் எடுத்துக் கொடுக்கப் புத்தகம் இல்லை. பதின்வயதினருக்கென்று வருகிற கதைகளைப் புரட்டினால் நாயகனுக்குச் சாதி இருக்காது. ஆனால் அவனுக்குத் தனி அறை இருக்கும். கோடை விடுமுறைக்குத் தாத்தாவின் தோப்புக்குப் போவான். அப்பா அலுவலகத்திலிருந்து வருவார், அம்மா சாம்பார் கொதிக்க வைப்பார். மாட்டுக்கறி வாசம் அடிக்கும் வீடு ஒன்றுகூட வராது. தெருவுக்குப் பெயர் இருக்காது, ஏனென்றால் பெயர் சொன்னால் ஊரா காலனியா என்று தெரிந்துவிடும். சாதி இல்லாத கதை என்று நமக்குக் கொடுக்கப்படுவது, சாதியால் எந்த இடைஞ்சலும் இல்லாதவர்கள் வீட்டுக் கதை. அதை எழுதக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. அதைப் பொதுவான கதை என்று சொல்லாதீர்கள் என்கிறோம்.

அமெரிக்காவில் இந்தச் சண்டை முன்பே நடந்தது. 2013-இல் அங்கே வந்த சுமார் 3,200 சிறார் புத்தகங்களில் கறுப்பின மக்களைப் பற்றியவை 93 என்று ஒரு கணக்கு வெளியானது. கறுப்பினப் பிள்ளைகள் எங்கே என்று அடுத்த ஆண்டு எழுத்தாளர் வால்டர் டீன் மையர்ஸ் செய்தித்தாளில் கேட்டார். 2015-இல் கொரின் டைவிஸ் ‘ஓன்வாய்சஸ்’ என்ற சொல்லைக் கொண்டுவந்தார். ஒடுக்கப்பட்ட பாத்திரத்தை அதே அடையாளம் கொண்டவர் எழுதியிருந்தால் அதைக் காட்டும் குறிச்சொல் அது. நல்ல நோக்கம்தான். ஆனால் போகப்போக அது விற்பனை முத்திரை ஆனது. தன் அடையாளத்தை வெளியே சொல்ல விரும்பாத எழுத்தாளர்களையும் சொல்ல வைக்கும் நெருக்கடி வந்தது. பன்மைத்துவமான சிறார் புத்தகங்களுக்காகவே இயங்கும் ‘வீ நீட் டைவர்ஸ் புக்ஸ்’ அமைப்பு 2021-இல் அந்தச் சொல்லைக் கைவிட்டது.

நமக்கும் இதில் படிக்க வேண்டியது இருக்கிறது. பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ 2000-இல் வந்தது. பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் அருந்ததியர் சிறுவன் கூளையனும் அவன் கூட்டாளிகளும்தான் கதை. பதின்வயதுத் தலித் பிள்ளைகளை நடுவில் வைத்த தமிழ் நாவல் என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். எழுதியவர் தலித் அல்ல. அவர் எழுதியிருக்கலாமா என்ற விவாதத்தில் நாம் நேரத்தைச் செலவழிக்கத் தேவையில்லை. நன்றாக எழுதியிருக்கிறார், நம் பிள்ளைகள் படிக்கட்டும். நமக்கு உறுத்துவது வேறு. நம் தெருவிலிருந்து எழுதும் இளைஞர் ஒரு பேய்க்கதையோடு போனால் எத்தனை பதிப்பாளர்கள் கையில் வாங்குவார்கள்? வலியை எழுதுங்கள் தம்பி என்பார்கள். மற்றவர்களுக்கு எல்லாக் கதையும் திறந்திருக்கிறது. நமக்கு மட்டும் ரத்தமும் கண்ணீரும்தான் ஒதுக்கப்பட்டிருக்கிறது. இடஒதுக்கீட்டைப் பற்றிப் புலம்புகிறவர்கள் இந்த ஒதுக்கீட்டைக் கண்டுகொள்வதே இல்லை.

அடுத்தது காசு. தமிழில் ஒரு காலத்தில் ஆயிரம் படி அச்சிட்டார்கள், இன்று முந்நூறோடு நிறுத்திக்கொள்பவர்கள் பலர். நூலக ஆணை கிடைத்தால்தான் சிறிய பதிப்பகம் மூச்சு விடும். அந்த ஆணைக்கான பணத்தில் நம் பங்கும் இருக்கிறது. 1948-இன் நூலகச் சட்டப்படி வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி வசூலிக்கிறார்கள், ரூபாய்க்குப் பத்து காசு. காலனி வீட்டுக்கும் அது உண்டு. ஆகவே எந்தப் புத்தகம் நம் ஊர் நூலகத்துக்கு வர வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பது ஆகாது. 2022 முதல் மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது, மகிழ்ச்சி. இங்கிருந்து காஞ்சிபுரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். பேருந்தில் போய்வந்து, 150 ரூபாய்க்கு ஒரு புத்தகம் வாங்குவது நூறு நாள் வேலைக்குப் போகிறவர் வீட்டில் நடக்கிற காரியமா? கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டு வருவார்கள்.

நுழைவாயில் காவலர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021-இல் டெல்லிப் பல்கலைக்கழகம் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து பாமாவையும் சுகிர்தராணியையும் நீக்கியது. கல்லூரி மாணவர்களுக்கே அந்த எழுத்து ஆகாது என்றால், பள்ளி நூலகத்துக்கு எதை அனுமதிப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பிள்ளைகளிடம் என்ன கதை வேண்டும் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். ஏரிக்கரைப் புளியமரத்துப் பேய். ஊர்ப் பையன்களைக் கபடியில் தோற்கடிக்கும் பெண்கள் அணி. சென்னைக்குப் போய் யூடியூபில் பெரிய ஆளாகும் அண்ணன். சோழர் கதையும் கேட்டார்கள், படம் பார்த்த பாதிப்பு. உத்திரமேரூர் பிள்ளைகளுக்குச் சோழர் கதை பக்கத்துத் தெருக் கதைதான். வைகுந்தப் பெருமாள் கோயில் கல்வெட்டும் குடவோலையும் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. தேர்தலில் நிற்கக் கால்வேலி நிலமும் சொந்த வீடும் வேதப் படிப்பும் வேண்டும் என்ற நிபந்தனையை மனப்பாடம் செய்து ஐந்து மதிப்பெண் வாங்குகிறார்கள். “அப்போ நம்ம ஆளுங்க ஓட்டு எங்க போட்டாங்க?” என்று எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். அதே சோழர் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் பெயரோடு இருக்கின்றன. அந்தச் சேரியில் பதினான்கு வயதில் ஒருத்தி இருந்திருப்பாள் அல்லவா? அவளை நாயகியாக வைத்து ஒரு சாகசக் கதை. எழுத ஆள் இருந்தால் அச்சிடும் செலவுக்கு நாங்கள் உண்டியல் ஏந்தத் தயார்.

நோட்டில் கடைசியாக இருப்பது ஒரு துப்பறியும் கதை. வேங்கைவயல் தண்ணீர்த் தொட்டி. 2022 டிசம்பரில் தலித் மக்கள் குடிக்கும் தொட்டியில் மலம் கலந்தார்கள். 2025 ஜனவரியில் சிபிசிஐடி தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில் அதே தலித் குடியிருப்பைச் சேர்ந்த மூவரின் பெயர் இருந்தது. பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு அது நம்பும்படி இல்லை. அவளே எழுதத் தொடங்கிவிட்டாள். துப்பறிபவளுக்கு அவள் வயது, சைக்கிள் இருக்கிறது, தடயங்களைக் கைடு புத்தகத்தின் பின் அட்டையில் குறித்துக்கொள்கிறாள். இரண்டு அத்தியாயம் முடிந்திருக்கிறது. மூன்றாவது அத்தியாயம் அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு என்று சொல்லியிருக்கிறாள்.