ரம்பத்துக்கு மூன்று துணைகள்
சகோதரிகளே, அம்பத்தூர் தொழிற்பேட்டை தோன்றிய 1960-களிலிருந்தே அந்தப் பக்கத்தாருக்கு மிஷின் சத்தம் பழகிப்போன சங்கதி. உங்கள் வீட்டுக் கொட்டகைக்கும் மேஜை ரம்பம் வந்துவிட்டதா? புதுப் பிளேடு வாங்குமுன் மூன்று துணைகளைத் தேடிக் கொள்ளுங்கள்.

முதலாவது, பிளேடுக்குப் பின்னால் நிற்கும் தகடு. அறுபட்ட பலகை பிளேடைக் கவ்வி, ஆள்மேல் பாயாமல் அது தடுக்கும்.

இரண்டாவது, பலகையைத் தள்ள ஒரு குச்சி. துண்டு மரத்திலேயே செய்துகொள்ளலாம், காலணாச் செலவில்லை.

மூன்றாவது, தூளை உறிஞ்சும் குழாய். மரத்தூளைப் புற்றுநோய் தரும் பொருள்களில் ஒன்றாக, உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1995-ல் வெளியிட்ட நூல் சேர்த்திருக்கிறது.

முந்தானையைச் செருகி, வளையலைக் கழற்றிவிட்டே அருகில் போங்கள். கையுறையும் ஆகாது, பிளேடு பற்றி இழுத்துவிடும்.

தேக்கு அலமாரி அழகுதான். அதைத் திறக்கப் பத்து விரலும் வேண்டுமே!