ஓய்வு நாளில் படுத்தே கிடக்கலாமா?

தேகப்பயிற்சி நல்லது. இதை யாரும் மறுப்பதில்லை. ஆனால் வாரத்தில் ஆறு நாள் ஓடியவர் ஏழாம் நாள் என்ன செய்வது? இதைப் பலர் யோசிப்பதே இல்லை.

கடலூரிலும் சிதம்பரத்திலும் விடியற்காலையில் ஓடும் வாலிபர்கள் ஏராளம். பலருக்குப் போலீஸ் வேலையில் கண். அந்தத் தேர்வுக்காக 1500 மீட்டர் ஓடிப் பழகுகிறார்கள். கயிறு ஏறுகிறார்கள். வீட்டில் உள்ளவர்கள் அந்த ஒரு வேலையை நம்பி இருக்கிறார்கள்.

இவர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையினர் ஓய்வு நாள் என்றால் பாயை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். இன்னொரு வகையினர், "ஒரு நாள் விட்டால் எல்லாம் போய்விடும்" என்று அன்றும் ஓடுவார்கள். இரண்டுமே சரியல்ல என்பேன். ஓய்வில்லாமல் ஓடி முழங்காலைக் கெடுத்துக் கொண்டால், தேர்வு அன்று ஓடுவது எப்படி?

ஏன் வலிக்கிறது?

பழக்கமில்லாத கடும் பயிற்சி செய்தால் தசையில் மிக நுண்ணிய சேதம் ஏற்படும். வலி உடனே தெரியாது. 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கும். இரண்டு, மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும். பிறகு தானே தணியும்.

லாக்டிக் அமிலம் தேங்கி நிற்பதால் வலிக்கிறது என்று சிலர் சொல்வார்கள். அது பழைய கதை. அந்த அமிலம் பயிற்சி முடிந்த ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே குறைந்து விடும்.

தசை சீராவதற்கு ஓய்வும் உறக்கமும் சாப்பாடும் வேண்டும். அப்படியானால் படுத்தே கிடக்கலாமே என்பீர்கள். வேண்டாம். மெதுவாக நடந்தால் தசையில் ரத்த ஓட்டம் கூடும். விறைப்பு தளரும். அந்த நேரம் வலி குறையும். நடையே மருந்தாகி எல்லாவற்றையும் ஆற்றிவிடாது. ஆனால் உடம்பு இலகுவாகும்.

எப்படி நடப்பது?

20 அல்லது 30 நிமிடம் போதும். பேசிக் கொண்டே நடக்க முடிய வேண்டும். மூச்சு வாங்கினால் அது ஓய்வு அல்ல, இன்னொரு பயிற்சி!

கடலூர்க்காரர்களுக்கு வெள்ளிக் கடற்கரை இருக்கிறது. அங்கே உதிர் மணலில் நடக்காதீர்கள். கால் புதையும். கெண்டைக்கால் மேலும் களைக்கும். ஈரத்தில் இறுகிய மணல் நல்லது. சிதம்பரத்தில் கோவிலைச் சுற்றி நான்கு வீதிகள் இருக்கின்றன. மாலையில் ஒரு சுற்று வரலாம்.

நாட்டியம் பயிலும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். சிதம்பரத்தில் 1981-ல் தொடங்கிய நாட்டியாஞ்சலியில் ஆட வேண்டும் என்பது பலருடைய ஆசை. ஓய்வு நாளில் காலைத் தட்டி ஆடும் அடவுகள் வேண்டாம். கை முத்திரைகளை மட்டும் பழகினால் போதும்.

ஓர் எச்சரிக்கை. மூட்டு வீங்கினாலோ, ஓரிடத்தில் சுருக்கென்று குத்தினாலோ, நெஞ்சு வலித்தாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ நடக்காதீர்கள். உடனே டாக்டரிடம் போங்கள்.

யாருக்குப் படுக்கை வேண்டும்?

கடலில் வலை இழுப்பவர், நாற்று நடும் பெண், மூட்டை தூக்குபவர் ஆகியோருக்கு இந்த யோசனையைச் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு ஆறு நாளும் உடல் உழைப்புதான். ஏழாம் நாள் அவர்கள் படுத்தால் சோம்பேறி என்று யாரும் சொல்லக் கூடாது. அவர்களுக்கு வேண்டியது நல்ல உறக்கம்.

வீட்டில் அம்மாவை எண்ணிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்கு அடுப்படி வேலை அதிகம். ஓட்டம் பழகும் மகனுக்கு அன்று மெதுவான நடை வேண்டும். பையை எடுத்துக் கொண்டு சந்தைக்கு அவன் நடக்கட்டும். அவன் திரும்பி வரும் வரை அம்மா சற்று உட்காரட்டும்!