நெல்லுக்கு ஈரப்பத மீட்டர்... நிகோடின் சூயிங்கத்துக்கு என்ன மீட்டர்?



நீடாமங்கலம் பக்கம் எந்த நெல் கொள்முதல் நிலையத்துக்கு வேணும்னாலும் போய்ப் பாருங்க. மூட்டையை இறக்கினதும் மீட்டர் வந்துடும். 17 சதவீதத்துக்கு மேல ஈரம்னா திரும்பக் காய வைக்கணும். மழை பெஞ்சது என்னவோ விவசாயி குற்றம் மாதிரி! 22 சதவீதமா தளர்த்துங்கன்னு கேட்டா டெல்லியிலேருந்து குழு வந்து, நெல்லை அள்ளிக்கிட்டுப் போய் ஆய்வு பண்ணுது. பண்ணட்டும். மனுஷன் சாப்பிடுற பொருள், சோதிக்கத்தான் வேணும்.

இப்போ எதிர்ல இருக்கும் பெட்டிக்கடையைப் பாருங்க. பீடிக்கட்டு, சிகரெட், பக்கத்துலயே சிகரெட்டை விட உதவும்னு நிகோடின் சூயிங்கம். போனைத் திறந்தா மூலிகை சிகரெட், ஒரே வாரத்தில் விட வைக்கும் சொட்டு மருந்து. மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருத்தர், இந்தப் பழக்கத்தை விட்டுத் தொலைக்கணும்னு கூலியில ஒரு பங்கைக் கொடுத்து இதை வாங்குறார். அதுக்கு யார் மீட்டர் வெச்சது? வெச்சிருந்தா அந்த ரிப்போர்ட் எங்கே?

"சும்மா பீதியைக் கிளப்பாதீங்க" என்று வழக்கமான ஐடிகள் கமெண்டில் வரும். வரட்டும். ஆதாரம் இதோ.

2009-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இரண்டு கம்பெனிகளின் மின்சிகரெட் குப்பிகளைச் சோதித்தது. ஒரு குப்பியில் சுமார் 1 சதவீதம் டை எத்திலீன் கிளைக்கால். நிகோடினே இல்லை என்று அச்சிட்ட குப்பிகளிலும், ஒன்றே ஒன்றைத் தவிர, நிகோடின் இருந்தது. சோதிக்கும் வரை அந்த லேபிளை நம்பித்தானே ஜனங்க வாங்கினாங்க?

டை எத்திலீன் கிளைக்கால் என்ற பேரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? 2025 அக்டோபர். நம்ம காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் சிரப். மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட பச்சைக் குழந்தைகளின் சிறுநீரகம் செயலிழந்து உயிர் போனது. அனுமதி 0.1 சதவீதம், சிரப்பில் இருந்தது 48.6 சதவீதம். அதே விஷம்தான். வந்த வழியும் புதுசு இல்லை. சிரப்பிலும் மின்சிகரெட் திரவத்திலும் கரைப்பானாகச் சேர்ப்பது புரொபிலீன் கிளைக்கால். மருந்துத்தரம் இல்லாத மலிவுச் சரக்கை வாங்கி ஊற்றினால் இந்த விஷமும் கூடவே வந்துவிடும்.

ம.பி.யிலிருந்து கடிதம் வந்ததும் தமிழக அதிகாரிகள் வேகமாகச் சோதித்தார்கள். பாராட்டுகிறோம். ஆனால் அதன் பிறகுதானே அந்த ஆலையில் 350-க்கும் மேற்பட்ட குறைகள் கண்ணில் பட்டன! அத்தனை வருஷம் இல்லாத குறையா? இதைக் கேட்டால் மத்திய அரசு மாநிலத்தைக் காட்டுது, மாநிலம் மத்தியைக் காட்டுது. பிணம் விழுந்த பிறகு செய்வதற்குப் பேர் பரிசோதனை இல்லை, பிரேதப் பரிசோதனை.

முறையான மருந்திலும் பிரச்சினை வரும். சிகரெட்டை விட வைக்கும் வரெனிக்ளின் மாத்திரையில் அளவை மீறி நைட்ரோசமைன் இருப்பது தெரிந்து, 2021-இல் ஃபைசர் கம்பெனி தன் சான்டிக்ஸைத் திரும்பப் பெற்றது. ஆனா ஒண்ணு. மாற்று மருந்து கைக்கு வரும் வரை மாத்திரையை நிறுத்தாதீங்க, அதைவிட சிகரெட் கெடுதல்னு அமெரிக்க நிர்வாகமே சொன்னது. நாங்களும் அதைத்தான் சொல்றோம். மருத்துவர் கொடுத்ததை இந்தப் பதிவைப் பார்த்துத் தூக்கிப் போடாதீங்க. அங்கே சோதிச்சாங்க, கண்டுபிடிச்சாங்க, வெளியில சொன்னாங்க. இங்கே அது நடக்குதா என்பதுதான் கேள்வி.

சூயிங்கத்தில் இருக்கும் நிகோடின் பெரும்பாலும் புகையிலை இலையிலிருந்து பிரித்து எடுப்பது. சுத்திகரிப்பு சரியில்லைன்னா இலையில் உள்ள நைட்ரோசமைனும் ஒட்டிக்கிட்டு வரும். மூலிகை சிகரெட்டோ, துளசியை எரிச்சாலும் தாரும் கார்பன் மோனாக்சைடும் வரத்தான் செய்யும்.

"மின்சிகரெட்டைத்தான் 2019-லேயே தடை பண்ணிட்டோமே" என்பார்கள். தமிழகம் 2018-லேயே தடை செய்தது. சரியான முடிவுதான். ஆனா கள்ளச்சந்தையில வர்ற குப்பியை யார் சோதிக்கிறது?

விற்பவர் யார்னும் பாருங்க. சிகரெட் விற்கும் ஐ.டி.சி.யே இயான் மின்சிகரெட்டையும் குவிக்நிக் நிகோடின் சூயிங்கத்தையும் சந்தைக்குக் கொண்டுவந்தது. நோயும் அவங்க, மருந்தும் அவங்க. அந்தக் கம்பெனியில் நம்ம எல்.ஐ.சி.க்கு சுமார் 15 சதவீதப் பங்கு. (அப்பா கட்டின பிரீமியம் எங்கே போய் உட்கார்ந்திருக்கு பாருங்க!)

சிகரெட் பாக்கெட்டில் நிகோடின், தார் அளவை அச்சிடணும்னு 2003-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லுது. கையில பாக்கெட் இருந்தா திருப்பிப் பாருங்க. இருக்கா? தேசியப் புகையிலைப் பரிசோதனைக் கூடங்கள் நொய்டா, மும்பை, குவாஹாட்டியில். தெற்கே? பூஜ்யம்.

சுங்குவார்சத்திர விஷத்தைக் கண்டுபிடிக்கும் கேஸ் குரோமட்டோகிராபி மெஷின் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. தஞ்சாவூரில் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம், நீலக்குடியில் மத்தியப் பல்கலைக்கழகம், திருவாரூரில் மருத்துவக் கல்லூரி. டெல்டாவில் ஒரு பரிசோதனைக் கூடம் வைக்க இடமா இல்லை, படிச்ச பிள்ளைங்களா இல்லை? கெமிஸ்ட்ரி முடிச்சவன் திருப்பூர் பஸ்ல நிக்கிறான்.

கேட்கிறது இதுதான்: புகையை விட உதவும்னு விற்கும் ஒவ்வொரு பொருளையும் கடையிலிருந்தே மாதிரி எடுத்துச் சோதிக்கணும், கம்பெனி தர்ற சான்றிதழ் வேண்டாம். முடிவை பேட்ச் எண்ணோடு தமிழில் வெளியிடணும். அரசு மருத்துவமனையில் சோதித்த மருந்தை இலவசமா தரணும். நிகோடின் மாற்று சிகிச்சை 2022-லேயே தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஏறியாச்சு. பட்டியல்ல இருந்து என்ன பிரயோஜனம், சீட்டு எழுதுற இடத்துல இருக்கணும்.

விட நினைக்கிற தோழர்கள் 1800-11-2356 இலவச எண்ணில் பேசுங்க. நீடாமங்கலம் கடைத்தெருவில் நம்ம கிளைத் தோழர்கள் இந்தக் கோரிக்கைக்குக் கையெழுத்து வாங்கிட்டு இருக்காங்க. வரும்போது வீட்டுல கிடக்கும் காலி அட்டையையும் எடுத்துட்டு வாங்க, பேட்ச் எண்ணைக் குறிச்சுக்கணும்.

#சோதித்துவிட்டுவில்