வைத்தியம் வாசலிலேயே தொடங்கட்டும்!

அது ஒரு பெரிய ஆஸ்பத்திரி. காலை 8 மணிக்கே ஜனக்கூட்டம்.

கிராமத்தில் இருந்து ஒரு கிழவர் வந்திருந்தார். முழங்கால் வீங்கிக் கிடந்தது. மனைவியின் தோளைப் பிடித்தபடி மெல்ல மெல்ல நடந்தார்.

கண்ணில் பட்ட வரிசையில் இருவரும் நின்றார்கள். முக்கால் மணி நேரம் கழிந்தது.

"இது மருந்து வாங்கும் இடம். ஓ.பி. சீட்டு அந்தப் பக்கம்" என்று விரட்டினார்கள்.

அந்தப் பக்கம் போய்ச் சீட்டு வாங்கினார்கள். "14-ம் நம்பர் அறைக்குப் போ" என்றார்கள். அந்த அறை மாடியில் இருந்தது.

கிழவர் படிக்கட்டை அண்ணாந்து பார்த்தார். "வா, ஊருக்கே போகலாம்" என்றார்.

அப்போது தரையைக் கூட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்தாள்.

"எங்கே தாத்தா போகணும்?"

விவரம் கேட்டாள். சக்கர நாற்காலி ஒன்றைத் தேடிப்பிடித்து வந்தாள். கட்டிடத்தின் பின்பக்கம் லிப்டு இருந்தது! 5 நிமிடத்தில் கிழவர் டாக்டர் முன்னால் இருந்தார்.

இருந்தும் இல்லை

கண்ணால் கண்ட காட்சி இது.

அங்கே டாக்டர் இருந்தார். மருந்து இருந்தது. லிப்டும் இருந்தது. ஆனால், அவை இருக்கும் இடத்தைச் சொல்ல ஆள் இல்லை. அந்தப் பெண் கேட்டிராவிட்டால், கிழவர் வீங்கிய காலோடு ஊர் திரும்பியிருப்பார்.

நோயாளி உள்ளே வந்தால்தான் வைத்தியம். இதை அறிந்தவர்கள் முன்பே வழி காட்டி இருக்கிறார்கள்.

ஆண் டாக்டரிடம் உடம்பைக் காட்ட மறுத்து, பெண்கள் வீட்டுக்குள்ளேயே நோயில் கிடந்த காலம் ஒன்று உண்டு. மேரி ஷார்லீப் என்ற பெண் டாக்டர் அதைக் கண்டு மனம் வருந்தினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அவர். அவரது முயற்சியால் 1885-ல் பெண்களுக்கென்று தனி ஆஸ்பத்திரி உண்டானது. அதுதான் 'கோஷா ஆஸ்பத்திரி'. இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரியாக இருக்கிறது.

மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அப்போது இருந்தவை 11 படுக்கைகள். கண் தெரியாதவர் தனியாக எப்படி வருவார்? ஆகவே, கிராமங்களில் முகாம் போட்டார்கள். ஆபரேஷன் தேவைப்பட்டவர்களைப் பஸ்சில் அழைத்து வந்தார்கள். இன்று அது உலகம் அறிந்த ஆஸ்பத்திரி.

செய்ய வேண்டியவை

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. பொதுக் கட்டிடங்களில் அவர்கள் தடையின்றிப் போய்வர வழி வேண்டும் என்கிறது அது. படிக்கட்டின் பக்கத்தில் சாய்தளம் கட்டினால் போதாது. 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். செங்குத்தாகக் கட்டினால் நாற்காலியைத் தள்ள முடியாது.

மற்றவற்றுக்குச் செலவு அதிகம் இல்லை.

கண் பிரிவுக்குக் கண் படம், பல் பிரிவுக்குப் பல் படம் வரையலாம். எழுத்துத் தெரியாதவருக்கும் புரியும். தரையில் வண்ணக் கோடு போடலாம். "சிவப்புக் கோட்டோடு போங்கள்" என்றால் போதும்.

காத்திருக்கும் இடத்தில் பெஞ்சும் குடிதண்ணீரும் வேண்டும். சுத்தமான கழிப்பிடம் வேண்டும். பெண்களைப் பரிசோதிக்கும் இடத்தில் கட்டாயம் திரை வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வாசலில் ஒருவர் இருக்க வேண்டும். வருகிறவரை "வாங்க" என்று அழைத்து, வழி சொல்வதே அவர் வேலையாக இருக்க வேண்டும்.

நோயாளி பிச்சை கேட்டு வரவில்லை. உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வருகிறார். அவரிடம் அதட்டல் எதற்கு?

அன்று துடைப்பம் பிடித்த கை கிழவரை டாக்டரிடம் சேர்த்தது. அது அவள் வேலை அல்ல. யாருடைய வேலையோ, அவர்கள் இனியாவது அதைச் செய்யட்டும்!