பழைய பியட்டுக்கு இன்ஜெக்‌ஷன் – பாவமா, புண்ணியமா?

நண்பர் ஒருவரின் மகன், அப்பா விட்டுச் சென்ற பிரீமியர் பத்மினிக்கு எலெக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் பொருத்தப் போகிறான். பழைய கார் பிரியர்கள் சிலர், "கார்புரேட்டரைக் கழற்றினால் அது பத்மினியே இல்லை" என்று கோபித்துக்கொண்டார்கள். என் கட்சி வேறு. தாராளமாகச் செய்யலாம், ஆனால் அரைகுறையாகச் செய்யக்கூடாது.

புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு கார்புரேட்டர் ஜெட் என்றால் 'ழிக்ளேர்'. ஒரு சிறு துளை, அவ்வளவுதான். அந்தத் துளையின் அளவு அன்றைய பெட்ரோலுக்காகத் தீர்மானிக்கப்பட்டது. சுத்தமான பெட்ரோல் ஒரு பங்கு எரிய, எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். இன்று பங்க்கில் கிடைப்பதில் 20 சதவீதம் எத்தனால். அதற்குக் காற்று சுமார் பதின்மூன்றரைப் பங்கு போதும். துளை மாறவில்லை, எரிபொருள் மாறிவிட்டது. ஆகவே எஞ்சினுக்குப் பெட்ரோல் போதாமல், சூடேறித் திணறுகிறது.

"கொஞ்சம் பெரிய ஜெட் போட்டால் போகிறது" என்பார்கள். உண்மைதான், அதுவும் ஒரு வழி. ஆனால் இன்ஜெக்‌ஷனில் ஆக்ஸிஜன் சென்சார், புகையில் மிஞ்சிய பிராணவாயுவைப் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. எந்தப் பங்க்கில் போட்டாலும் தானே சரிசெய்துகொள்ளும். இது நேற்று முளைத்த வித்தையும் அல்ல. போக்ஸ்வாகன் 1967-லேயே எலெக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷனை விற்பனைக்குக் கொண்டுவந்தது, சித்ரோயன் டி.எஸ். 21-க்கு 1969-ல் வந்தது. நம் மாருதி 800-க்கு 2000-ல்தான் வாய்த்தது.

சரி, அரைகுறை என்றேனே, அது எது? முதலாவது, நோயாளி எஞ்சினுக்கு கம்ப்யூட்டர் மருந்தாகாது. கம்ப்ரெஷன், வால்வு இடைவெளி, மேனிபோல்டில் காற்றுக் கசிவு, எல்லாம் பார்த்த பிறகே இதில் கைவைக்க வேண்டும். இல்லாவிட்டால் சென்சார் பொய்யைப் படித்து, கம்ப்யூட்டர் பொய்க்கு வைத்தியம் பார்க்கும்.

இரண்டாவது, தீ. பழைய மெக்கானிக்கல் பம்ப் தரும் அழுத்தம் மிகக் குறைவு. இன்ஜெக்டருக்குப் பொதுவாக 3 பார் அளவில் வேண்டும். பழைய ரப்பர் குழாயில் அதை ஏற்றினால் சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் பீய்ச்சும். அழுத்தம் தாங்கும் குழாய், டாங்குக்குத் திரும்பும் லைன், எஞ்சின் நின்றதும் பம்பை நிறுத்தும் ரிலே ஆகிய மூன்றிலும் பணம் மிச்சம் பிடிக்கக்கூடாது. டைனமோ வண்டியானால் பம்புக்குக் கரண்டும் போதாது, ஆல்டர்னேட்டர் வேண்டும்.

மூன்றாவது, பொறுமை. பெட்ரோல் அளவு ஒரு அட்டவணையில் இருக்கிறது. ஒரு பக்கம் எஞ்சின் வேகம், மறுபக்கம் மேனிபோல்டு அழுத்தம். 16 வரி, 16 பத்தி என்றால் 256 கட்டங்கள். எங்கள் ஆபீஸ் லெட்ஜரைப் போலத்தான். ஒவ்வொரு கட்டத்தையும் வண்டியை ஓட்டிப் பார்த்து நிரப்ப வேண்டும். வேறு எஞ்சினின் அட்டவணையைக் காப்பியடித்தால் வண்டி ஸ்டார்ட் ஆகலாம், சரியாக ஓடாது. காலைக் குளிரில் ஸ்டார்ட் செய்யும் கணக்கு தனி. அதை நாளுக்கு ஒருமுறைதான் சோதிக்க முடியும்.

கடைசியாக, பழைய குமாஸ்தாவின் யோசனை ஒன்று. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதில் கண்டிப்பாகப் பேசியது. ஸ்பானரை எடுக்குமுன் ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுத்து மூலம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி ஃபைலில் வையுங்கள்.

கழற்றிய கார்புரேட்டரையும் பம்பையும் எண்ணெய் தடவிப் பெட்டியில் பத்திரப்படுத்துங்கள். உலோகத்தை வெட்டாமல், புதிய துளை போடாமல் வேலை செய்யச் சொல்லுங்கள். நாளை உங்கள் பேரன் வேறு மாதிரி நினைக்கலாம். அவனுக்கும் அந்த உரிமையை மிச்சம் வைப்பதுதான் பழைய பொருளுக்கு நாம் செய்யும் மரியாதை.