எடிட்டருக்கும் ஒரே கோப்பு

செபராங் ஜெயாவிலிருந்து பிறை தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் நம் இளம் பொறியாளர்களுக்கு நிக்ஸ்ஓஎஸ் லினக்ஸைத் துணிந்து பரிந்துரைப்பேன். நியோவிம் எடிட்டர், அதன் செருகுநிரல்கள், தமிழ் எழுத்துரு, தமிழ்த் தட்டச்சு முறை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் எழுதிவிடலாம். கணினி அதைப் படித்துத் தன்னை அமைத்துக்கொள்ளும். ஏதாவது கெட்டால் பூட் மெனுவில் முந்தைய நிலையைத் தேர்ந்தெடுக்கலாம். இதற்கெல்லாம் அடிப்படையான நிக்ஸ் தொகுப்பு மேலாளர் ஈல்கோ டோல்ஸ்ட்ராவின் 2006 முனைவர் ஆய்வேட்டில் விளக்கப்பட்டது. முத்து நெடுமாறன் 1985இலேயே முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளைத் தந்த நம் மலேசியாவில், ஒவ்வொரு புதிய மடிக்கணினியிலும் தமிழுக்காக மறுபடி மல்லுக்கட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை. ஒன்று மட்டும்: தினமும் மாற்றும் எடிட்டர் விசைக் குறுக்குவழிகளை நிக்ஸுக்குள் பூட்டாதீர்கள். சிறு திருத்தத்துக்கும் அமைப்பை மறுபடி கட்டவேண்டியிருக்கும்; அவை நியோவிம் நேரடியாகப் படிக்கும் தனி லுவா கோப்பிலேயே இருக்கட்டும்.